நேர்த்திக்கடனும் கார்டு கடனும்

ஓம் சரவண பவ.



இந்த வாரமும் வழக்கம்போல ஒரு தலத்தைப் பற்றித்தான் எழுதலாம் என்று இருந்தேன். ஆனால் நம் பாதயாத்திரைக் குழுவில் ஒரு தம்பி கேட்ட கேள்வி நாலு நாளாக மண்டைக்குள்ளேயே நிற்கிறது. அதை இறக்கி வைத்தால்தான் அடுத்த வேலை ஓடும்.

தம்பி ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன்னே போடியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் மலையில் இருந்த நேரம் பார்த்து, கிரெடிட் கார்டு பாக்கிக்கு வசூலுக்கு ரெண்டு பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். "அவரு வண்டிக்குப் போயிருக்காருங்க, இருட்டுனதுக்கு அப்புறந்தான் வருவாரு" என்று அவர் சம்சாரம் சொல்லியிருக்கிறார். கொடியில் காய்ந்த பச்சை வேட்டியைப் பார்த்துவிட்டு, வந்ததில் ஒருத்தர் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாராம்: "பழனிக்கு நடக்கத் தெம்பு இருக்கு, மாலை போடக் காசு இருக்கு, வாங்குனதைக் கட்ட மட்டும் இல்லையாக்கும்? கடன்காரனுக்கு எதுக்கும்மா மாலை?"

ராத்திரி தம்பி போன் பண்ணினார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அண்ணே, மாலையக் கழட்டிரவா? கடனை வச்சுக்கிட்டு மாலை போட்டது தப்பாண்ணே?" என்றார்.

குருசாமியிடம் கேட்க வேண்டியதை என்னிடம் ஏன் கேட்டார் என்றால், நானும் இந்தப் பாதையில் நடந்து வந்தவன் என்பது அவருக்குத் தெரியும்.

நான் போடியில் ஒரு ஏலக்காய் கடையில் கணக்கு எழுதுகிறவன். 2019-ஆம் வருஷம் ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது நம்மில் நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். ஊரே அதைத்தான் பேசியது. 2018 வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் செடி போய், விலை இருந்தது, காய் இல்லை. அது மட்டும் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் கார்டு கொடுக்கிற பையன்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. நானும் மச்சானும் மலையில் கொஞ்சம் இடத்தைக் குத்தகைக்குப் பிடித்தோம். உரத்துக்கு, மருந்துக்கு, மகள் காலேஜ் பீஸுக்கு, எல்லாத்துக்கும் கார்டைத் தேய்த்தேன். விலை இப்படியே நிற்கும் என்று ஒரு குருட்டு நம்பிக்கை.

2020 மார்ச்சில் செக்போஸ்ட்டை அடைத்தார்கள். ஜீப் மேலே போகவில்லை, ஏலமும் கொஞ்ச காலம் நின்றது. தவணை கட்டாமல் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் அவகாசம் கொடுத்தது. அதைத் தள்ளுபடி என்றே நினைத்துக்கொண்ட அப்பாவிகளில் நானும் ஒருத்தன். வட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு வருஷத்தில் காய் விலை ஆயிரத்துக்குக் கீழே வந்தது. மச்சான் குத்தகையை விட்டுவிட்டார். நான் கார்டோடு நின்றேன்.

கணக்குப்பிள்ளை என்பதால் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பாக்கி 50,000 என்று வையுங்கள். மாசம் மூன்றரை வட்டி என்றால் 1,750. அந்த வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி பதினெட்டு சதவீதம், 315. ஆக 2,065. பில்லில் "குறைந்தபட்சம் கட்ட வேண்டியது" என்று 2,500 போட்டிருப்பார்கள். மாசாமாசம் ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று நாம் நிம்மதியாகத் தூங்குவோம். அசலில் குறைந்தது வெறும் 435 ரூபாய். ஊர்ப்பட்ட கணக்கு எழுதுகிற எனக்கே இதைப் போட்டுப் பார்க்க ஒண்ணரை வருஷம் ஆனது. கோட்டிக்காரத்தனம், வேறென்ன.

கட்ட முடியாமல் போனதும் போன் வர ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு இருபது, முப்பது. அப்புறம் ஆள். ஒருநாள் சாயங்காலம் கேட் சத்தம் கேட்டதும் நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டு, சின்னவளிடம், "அப்பா இல்லைன்னு சொல்லும்மா" என்றேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயசு. போய்ச் சொன்னாள். திரும்பி வந்து என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் வந்தவர் பேசிய பேச்செல்லாம் மறந்துவிட்டது. பிள்ளை பார்த்த அந்தப் பார்வை மறக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி யோசித்தேன். அந்த ஆளுக்கு நான் தர வேண்டியது பணம். அதைக் கொடுக்க முடியாமல், பிள்ளையின் வாயிலிருந்து ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கடன் என்னுடையது, பொய் அவளுடையது ஆகிவிட்டது. இதற்கு அவர்தான் காரணம் என்று முழுசாகச் சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. பாதி பயம் அவர் கொண்டுவந்தது. மீதிப் பயத்தை நான்தான் வீட்டுக்குள் கூட்டி வைத்திருந்தேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? நம்ம பக்கம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வசூலுக்கு வருகிறவன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. தெரு பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்தே தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். அதற்கு எதிராக நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வந்தும் என்ன, 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே தீயில் கருகியதை நாம் எல்லாரும் பார்த்தோம். இப்போது அதே பழக்கம் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் டேப்லெட்டோடு வருகிறது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் யோசிப்பதே இல்லை. நகைக்கடன் வாங்கினால் நகை அவர்களிடம் இருக்கும். வண்டிக் கடன் என்றால் ஆர்சி புத்தகத்தில் அவர்கள் பேர் இருக்கும். கார்டு கடனுக்கு வங்கி எதையுமே அடகாக வாங்கவில்லை. வாங்காததற்குத்தான் வட்டியை அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள். நகையை வைத்தால் வருஷத்துக்குப் பத்து சதவீதம் சுமாருக்குக் கிடைக்கிற பணம், கார்டில் நாற்பதைத் தொடுகிறது. பணம் திரும்பாமல் போனாலும் போகும் என்பதற்கான கூலி அந்த வித்தியாசத்திலேயே சேர்ந்திருக்கிறது. அப்படி இருக்க, கையெழுத்துப் போட்டபோது இல்லாத ஒரு அடகை, கட்ட முடியாத அன்றைக்கு வாசலில் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் நம் மானம். பக்கத்து வீட்டுக்காரர் பார்வை, மாமனார் போன் நம்பர், வேலை பார்க்கிற கடை முதலாளியின் காது, இப்போது இந்தத் தம்பி கழுத்தில் கிடக்கிற மாலை. இதில் எதையும் நாம் எழுதிக் கொடுக்கவில்லை.

இது நானாகச் சொல்கிற சமாதானம் இல்லை. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எழுத்தில் கொடுத்த உத்தரவு இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் சாயங்காலம் 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் பண்ணக்கூடாது. மிரட்டக்கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது, குடும்பத்தார், நண்பர்கள் நிம்மதியில் தலையிடக்கூடாது. அதே வருஷம் செப்டம்பரில் ஜார்க்கண்டில் தவணை பாக்கிக்காக டிராக்டரைப் பறிக்கப் போன இடத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் அதன் அடியில் சிக்கி உயிர் விட்டாள். அதற்குப் பிறகு அந்த நிதி நிறுவனம் வெளியாட்களை வைத்து வசூல் பண்ணவே கூடாது என்று ரிசர்வ் வங்கி சில மாதம் தடை போட்டது. ஆள்பலத்தை வைத்து வசூலிக்கக்கூடாது, சட்ட வழியில்தான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லும் 2008-லும் வங்கிகளுக்குச் சொன்னது. இன்னும் பின்னால் போனால் 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர், வெறும் இல்லாமைக்காக ஒருத்தனைக் கடன் பாக்கியில் சிறைக்கு அனுப்ப முடியாது என்று தீர்ப்பு எழுதினார். கையில் வைத்துக்கொண்டே கொடுக்க மாட்டேன் என்கிறவன் கதை வேறு என்பதையும் சேர்த்தேதான் சொன்னார். 2025-ல் நம் சட்டமன்றமும் வலுக்கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராக ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது.

அதனால் "வாரண்ட் ரெடி, போலீஸ் கிளம்பிருச்சு" என்று வாட்ஸ்அப்பில் வருகிற மிரட்டலுக்கு நடுங்க வேண்டாம். கார்டு பாக்கி சிவில் விவகாரம். ஆனால் கோர்ட்டிலிருந்து நிஜமான சம்மனோ, லோக் அதாலத் நோட்டீஸோ வந்தால் கிழித்துப் போடாமல் போய் நில்லுங்கள். செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் அது தனி வழக்கு, அலட்சியம் வேண்டாம்.

இதையெல்லாம் சொன்னதும் குழுவில் இன்னொருத்தர், "அப்ப கட்டவே வேணாம்ண்ணே, ஒண்ணும் பண்ண முடியாது, யூடியூப்ல வக்கீலே சொல்றாரு" என்றார். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. வாங்கினது வாங்கினதுதான். அந்தப் பணத்தில் உரம் வாங்கியது நான், பீஸ் கட்டியது நான். வட்டி அநியாயம் என்று சண்டை போடலாம், குறைக்கச் சொல்லலாம், தவணை கேட்கலாம், ஒரு தொகை பேசி முடிக்கலாம். முடித்தால் சிபிலில் அது ஒரு கறையாக நிற்கும், அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வசூல்காரர் கெட்ட வார்த்தை பேசினார் என்பதற்காகக் கடனே இல்லை என்று ஆகிவிடாது. அவர் பேசியது அவர் கணக்கில், வாங்கினது என் கணக்கில்.

வருகிறவரையும் ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். என் வீட்டுக்கு வந்த பையன் சின்னமனூர் பக்கம். மூணாவது தடவை வந்தபோது நான் ஒளியாமல் வெளியே வந்துவிட்டேன். வெயில். தண்ணி கேட்டான், கொடுத்தேன். குடித்துவிட்டு, "எனக்கும் டார்கெட்டுண்ணே. கலெக்ஷன் இல்லேன்னா கமிஷன் இல்ல. என் பேர்லயும் ரெண்டு லோன் ஓடுது" என்றான். அவனை சூரபத்மன் ஆக்கி நம்மை வேலாயுதமாக நினைத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை. கடன்காரன் என்கிற வார்த்தையையே பாருங்கள், கொடுத்தவனுக்கும் அதுதான், வாங்கினவனுக்கும் அதுதான். அதற்காக என் சம்சாரத்திடம் அவன் முன்னே பேசியது சரி ஆகிவிடாது. அதையும் அவனிடமே சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு வேறு ஆள் வந்தார், அவர் குனிகிற ரகம் இல்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை ரொம்ப உறுத்துவது.

அந்த நாட்களில் என் அக்கா, நான் கேட்காமலே, தன் சங்கிலியை அடகு வைத்து 30,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தாள். கோடவுனில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கிப் பொறுக்கி முதுகு வளைந்தவள். அந்தப் பணத்தை வாங்கி அப்படியே கார்டுக்குக் கட்டினேன். அடுத்த மாசம் சம்பளம் வந்தது. யாருக்குக் கொடுத்தேன்? திரும்பவும் கார்டுக்கு. அதற்கு அடுத்த மாசமும். மளிகைக் கடை அண்ணாச்சிக்கு எட்டு மாசம் பாக்கி நின்றது. அக்கா சங்கிலி அடகுக் கடையிலேயே கிடந்தது. ஏன்? அக்கா கத்தவில்லை. அண்ணாச்சி வாசலுக்கு வரவில்லை. வரிசையில் யார் முன்னால் நிற்பது என்பதைச் சத்தம் முடிவு பண்ணியது.

மிரட்டல் வேலை செய்வது இப்படித்தான். இல்லாத பணத்தை அது உண்டாக்குவதில்லை. இன்னொருத்தருக்குப் போக வேண்டியதை, சத்தம் போடாதவருக்குப் போக வேண்டியதைத் திருப்பிவிடுகிறது. பிள்ளையின் பீஸ், அம்மாவின் சுகர் மாத்திரை, அக்காவின் சங்கிலி, எல்லாம் பின்னால் போய் நிற்கும். அப்படிப் பார்த்தால் வசூல்காரருக்குப் பயந்து கட்டுகிற பணம் எல்லாமே நேர்மையான கட்டல் இல்லை. சில சமயம் அது இன்னொருத்தரிடம் திருடிக் கட்டுவது.

இருக்கிற கடன்காரர்களிலேயே ரொம்பச் சத்தம் இல்லாதவர் யார் என்று யோசித்தேன். நேர்த்திக்கடன் என்று நாம்தான் சொல்கிறோம். நானே மகள் பிறந்தபோது நேர்ந்த காவடியை ஆறு வருஷம் கழித்துத்தான் எடுத்தேன். அந்த ஆறு வருஷமும் ஆள் வரவில்லை, போன் வரவில்லை. தீர்த்தத்தொட்டிக்குப் போய் நிற்கும்போதெல்லாம் எனக்கே தோன்றும், "இன்னும் இருக்கு" என்று. ஒரு நாளும் அந்த நினைப்பு என்னைக் கோயிலை விட்டு ஓட வைத்ததில்லை. ஒளிய வைத்ததில்லை. கடன்பட்டவனாகவே முன்னால் போய் நிற்க முடிந்தது. எனக்குத் தெரிந்து, கொடுக்க வேண்டியவர் முன்னால் நிமிர்ந்து நிற்க முடிந்த ஒரே கடன் அதுதான்.

அதனால்தான் தம்பி கேட்டதும் "கழட்டாதப்பா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த வசூல்காரர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறதே என்று உறைத்தது. மாலைக்கும் வேட்டிக்கும் பெரிய செலவில்லை, வழியெல்லாம் அன்னதானம். ஆனால் பழனி போய் வருகிற நாள் அத்தனையும் ஜீப் ஓடாது. அது கணக்கில் வரத்தான் செய்யும். கார்டைத் தேய்த்து அன்னதானம் போடுகிறேன், வேன் பிடிக்கிறேன் என்றால் நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அப்படி ஆட்களையும் நம் குழுவில் பார்த்திருக்கிறேன், பேர் வேண்டாம்.

அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உள்ளவர் ஒருத்தர் உண்டு. அவர் சம்சாரம். தெருவில் நின்று ஏச்சு வாங்கினவரும் அவர்தான். தம்பியிடம், "வீட்ல கேளுப்பா. ஓட்டம் நின்னா சமாளிக்க முடியுமான்னு கேளு. முடியாதுன்னா இந்த வருஷம் உள்ளூர்லயே சுப்பிரமணியர் கோயில்ல மாலைய இறக்கிக்கலாம்" என்றேன். மறுநாள் பதில் வந்தது. "போயிட்டு வரச் சொல்லிருச்சுண்ணே. ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஆளுகளுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போகச் சொல்லுது."

ரெண்டு பேரும் உட்கார்ந்து வங்கிக்கு ஒரு கடிதம் எழுதினோம். மாச வருமானம் இவ்வளவு, வீட்டுச் செலவு இவ்வளவு, மாசம் 1,500 கட்ட முடியும், வட்டியை நிறுத்தித் தவணையாக மாற்றித் தாருங்கள். இன்ன தேதியில் ஆள் வந்து வீட்டுப் பெண்ணிடம் இப்படிப் பேசினார், இனி எழுத்தில் பேசுங்கள். பதிவுத் தபாலில் ஒன்று, மெயிலில் ஒன்று. முப்பது நாளில் ஒழுங்கான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், விவரம் கேட்க 14448. ஒரு சின்ன நோட்டு வாங்கி, எந்த நம்பர், எத்தனை மணி, என்ன பேச்சு என்று எழுதி வைக்கச் சொன்னேன். கணக்குப்பிள்ளை புத்தி.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் மறுபடி வந்தார்கள். தம்பி மாலையோடு வாசலுக்கு வந்து, "சார், அடையாள அட்டையும் வங்கி கொடுத்த கடிதமும் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். ஒருத்தரிடம் அட்டை இருந்தது, கடிதம் இல்லை. "எனக்கு 1,500 முடியும், எழுதிக் கொடுத்திருக்கேன். அதுக்கு மேல இன்னைக்கு இல்ல. வீட்ல ஆள் இல்லாதப்ப வராதீங்க, நான் இருக்கும்போது வாங்க." குரல் நடுங்கியதாம். பையன் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். வந்தவர்கள், "என்ன சாமி, சட்டம் பேசுறீங்க" என்று கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். வங்கியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

இடையில் ஒன்று. அருணகிரிநாதர் கோபுரத்திலிருந்து விழுந்த கதை நமக்கெல்லாம் தெரியும். வெட்கம் தாங்காத மனுஷன் எங்கே போய் நிற்பான் என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் கடனை நினைத்து யாருக்காவது அப்படி ஒரு எண்ணம் வந்திருந்தால், 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், காசில்லை. இல்லையென்றால் நம் குழுவில் யாருக்காவது அடியுங்கள். ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் பரவாயில்லை.

என் அக்கா சங்கிலியை 2023-ல் மீட்டுக் கொடுத்தேன். கார்டு பாக்கி அதற்குப் பிறகுதான் முடிந்தது. "இதுக்கு என்ன அவசரம்" என்றாள். அண்ணாச்சிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நேற்று எங்கள் குழு பெரியகுளம் தாண்டி தேவதானப்பட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. குளிர். முன்னால் மைக் செட் வண்டி, காவடிச் சிந்து. எனக்கு ரெண்டு அடி முன்னால் தம்பி. அவர் இடுப்புப் பையில் போன் அடித்தது. எடுத்து நம்பரைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். ஒன்பது பத்து. ரோட்டோரம் ஒதுங்கி நின்று, போன் வெளிச்சத்திலேயே நோட்டை விரித்து ஒரு வரி எழுதினார்.

"ஏழு மணிக்கு மேலண்ணே" என்று சொல்லிவிட்டு, நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.